பள்ளிக்கு ரப்பர் செருப்பா, சாண்டலா, ஷூவா?

பள்ளி திறக்கிற வாரத்தில் செருப்புக்கடையில் நிற்கும் பெற்றோருக்கு இரண்டே கேள்விகள்தான். பள்ளியில் ஷூ கட்டாயமா? கட்டாயமில்லை என்றால், வீட்டில் போடுகிற ரப்பர் செருப்பையே போட்டு அனுப்பிவிடலாமா? தனியார் பள்ளி என்றால் பெரும்பாலும் முதல் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். கறுப்பு ஷூ, சாக்ஸ், விளையாட்டு நாளுக்கு வெள்ளை கான்வாஸ் என்று பட்டியல் கையில் வந்துவிடுகிறது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் நிலைமை வேறு. அரசு கொடுக்கும் விலையில்லாக் காலணி உண்டு. ஆனால் அளவெடுத்த நாளுக்கும் காலில் போடுகிற நாளுக்கும் இடையில் பிள்ளையின் கால் வளர்ந்துவிடுவதும் உண்டு. அதனால் தினமும் எதைப் போட்டு அனுப்புவது என்ற முடிவு வீட்டில்தான் எடுக்கப்படுகிறது.

நான் கிராமத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. வகுப்பறைக்கு வெளியே வராந்தாவில் வரிசையாகக் கிடக்கும் காலணிகளைப் பார்த்தாலே எந்தப் பிள்ளை எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தத் தடத்தில் வருகிறது என்று சொல்லிவிடலாம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சீருடைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், பிள்ளை வரும் வழியைப் பாருங்கள். அடுத்து, குதிகால் பிடிப்பாக நிற்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

முதலில் ரப்பர் செருப்பு. அதன்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அதைப்போல ஒத்துப்போகிற காலணி குறைவு. காற்றாடும், வியர்வை தங்காது. சேற்றில் மிதித்தால் குழாயடியில் கழுவி உதறிப் போட்டுக்கொள்ளலாம். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். வார் அறுந்தால் வார் மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட யார் உதவியும் இல்லாமல் கழற்றி மாட்டிக்கொள்ளும். இது சின்ன விஷயம் இல்லை. வகுப்பறைக்குள் காலணியைக் கழற்றிவிட்டு உட்காருகிற பள்ளிகளில், கழிப்பறைக்குப் போகும்போது ஷூவை மாட்டி லேஸ் கட்டப் பொறுமை இல்லாத பிள்ளை வெறுங்காலோடு ஓடிவிடும். செருப்பு என்றால் போகிறபோக்கில் காலை நுழைத்துக்கொள்ளும்.

குறை எங்கே என்றால், அந்தச் செருப்பைக் காலோடு பிடித்து வைப்பது பெருவிரலும் அடுத்த விரலும் மட்டும்தான். குதிகாலை எதுவும் பிடிப்பதில்லை. ஒவ்வொரு அடிக்கும் விரல்களை மடக்கிப் பிடித்தால்தான் செருப்பு கூடவே வரும். 2008-இல் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரியவர்களை வைத்துப் பார்த்தபோதே, ஷூ போட்டு நடப்பதைவிட இந்தச் செருப்பில் அடி குறுகிவிடுகிறது என்று கண்டார்கள். பெரியவர்களுக்கே அப்படி. இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து அளவு பெரிதாக வாங்கிய செருப்பில் ஏழு வயதுப் பிள்ளை எப்படி நடக்கும்? தரையில் தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்கும். ஓடச் சொன்னால் ஒன்று செருப்பு முன்னால் பறக்கும், இல்லை என்றால் நுனி மடங்கிப் பிள்ளை குப்புற விழும். எங்கள் பள்ளி முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் அதிகம் செலவாவது பெருவிரல் நகத்துக்கும் முழங்காலுக்கும்தான்.

அடிப்பாகம் தேய்வதை வீட்டில் பலரும் கவனிப்பதில்லை. ஜூனில் வாங்கிய செருப்பைப் பொங்கல் விடுமுறைக்கு முன்னால் கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். குதிகால் பக்கம் பாதி கரைந்திருக்கும், சில செருப்புகளில் கட்டைவிரலால் அழுத்தினால் மறுபக்கம் மேடு தட்டும். எங்கள் பக்கம் தடம் முழுக்கச் சீமைக்கருவேல். அந்த முள் ரப்பரைச் சுலபமாகத் துளைத்துவிடும். வராந்தாவில் கிடக்கும் செருப்புகளின் அடியில் தலை ஒடிந்த முட்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் இன்றைக்கோ நாளைக்கோ மேலே வந்து காலில் ஏறக் காத்திருக்கிறது. இன்னொன்று ஊக்கு. அறுந்த வார் நழுவாமல் இருக்க அடியில் ஊக்கு குத்திக்கொண்டு வரும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அந்த ஊக்கு ஒருநாள் திறந்துகொண்டால் துருப்பிடித்த கம்பி உள்ளங்காலில் இறங்கும். அப்படி ஏதாவது குத்தினால் காயத்தைக் கழுவிவிட்டு, தடுப்பூசி விவரத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். ஐந்து வயதுக்குமேல் ஒருமுறையும், 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசிகளை விட்டுவிடாமல் போட்டிருப்பது நல்லது.

ரப்பர் செருப்பு கூடவே கூடாது என்று நான் அடித்துச் சொல்வது ஒரே இடத்தில்தான். வண்டியில் வருகிற பிள்ளைகளுக்கு. சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வரும் சின்னப் பிள்ளையின் கால் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிற விபத்து. பெரும்பாலும் மாட்டுவது குதிகால். அங்கே தோலுக்கு அடியில் சதை குறைவு என்பதால் காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும். தொங்கும் காலிலிருந்து செருப்பு நழுவும்போது பிள்ளை காலை உள்ளே இழுக்கும், அந்த நொடியில் கால் சக்கரத்துக்குள் போய்விடும். இருசக்கர வாகனத்திலும் இதே கதைதான். செருப்பு ரோட்டில் விழுந்துவிட்டது என்று பிள்ளை கத்த, அப்பா சட்டென்று பிரேக் பிடிக்க, பின்னால் வருகிற வண்டி என்ன செய்யும்? குதிகாலைப் பிடிக்கிற வார் ஒன்று இருந்தால் இதில் பாதி ஆபத்து போய்விடும். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளை ஓட்டிவரும் பெரிய பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மழையில் நனைந்த ரப்பர் செருப்பு பெடலில் வழுக்கும்.

சரி, அப்படியென்றால் ஷூதான் நல்லதா? இங்கேதான் பலர் யோசிக்காமல் ஆமாம் என்கிறார்கள்.

1992-இல் கர்நாடகாவின் மணிப்பாலைச் சேர்ந்த எலும்பு மருத்துவர்கள் உதய ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்து, யாருக்குத் தட்டைப் பாதம் இருக்கிறது என்று பார்த்தார்கள். காலணி போடுகிற பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். போடாத பிள்ளைகளில் 2.8 சதவீதம். காலணி போடுகிறவர்களுக்குள்ளும் வித்தியாசம் தெரிந்தது. முன்பக்கம் மூடிய ஷூ போடுகிறவர்களிடம் அதிகம், சாண்டலும் செருப்பும் போடுகிறவர்களிடம் குறைவு. பாதத்தின் உட்பக்க வளைவு சின்ன வயதில்தான் உருவாகிறது. அந்த வயதில் மூடிய ஷூ அதற்கு இடைஞ்சலாக இருக்கலாம் என்பது அவர்கள் எடுத்த முடிவு. இது வேறு தேசத்து ஆராய்ச்சி இல்லை. நம்மைப்போலவே வெயிலும் மழையும் உள்ள பக்கத்து மாநிலத்தில், நம் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகளை வைத்துச் செய்தது. ஷூ போட்டால் எல்லோருக்கும் பாதம் தட்டையாகிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தட்டைப் பாதம் உள்ள பல பிள்ளைகளுக்கு வலியோ தொந்தரவோ இருப்பதும் இல்லை. ஆனால் எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கறுப்பு ஷூவைக் கட்டாயமாக்குகிற பள்ளி, காலுக்கு நல்லது என்று காரணம் சொல்ல முடியாது.

அடுத்தது நம் தட்பவெப்பம். காலை எட்டு மணிக்கு வேன் ஏறும் பிள்ளை மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பும்வரை காலில் சாக்ஸும் ஷூவும் இருக்கும். வீட்டில் கழற்றும்போது வருகிற வாடையே நிலைமையைச் சொல்லிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். காலையிலேயே ஷூவுக்குள் தண்ணீர் போய்விட்டால் அன்று முழுக்க ஈர சாக்ஸில் கால் ஊறிக்கொண்டிருக்கும். விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்து அரிக்க ஆரம்பிக்கிற சேற்றுப்புண்ணுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. இரவு முழுக்க ஃபேனுக்கு அடியில் வைத்தாலும் கான்வாஸ் காயாது. ஒரு ஜோடிக்குமேல் வாங்க முடியாத வீட்டில் மறுநாளும் அதே ஈர ஷூதான். எந்தப் பள்ளியாக இருந்தாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஷூ விதியைத் தளர்த்தியாக வேண்டும் என்று நினைக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேட்டால் போதும், பல பள்ளிகள் ஒத்துக்கொள்ளும்.

ஷூவுக்கு நியாயமான இடங்களும் உண்டு. கபடி, கோகோவை விடுங்கள், அதை மண்ணில் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். தார்த்தரையிலோ சிமெண்டுத் தரையிலோ ஓடி ஆடுகிற விளையாட்டுக்கு ஷூ வேண்டும். மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் அமிலம் சிந்தினால் திறந்த செருப்பு எதையும் தடுக்காது, அங்கே மூடிய காலணிதான் சரி. சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டிய பிறகு வரப்போரமாக நடந்து வீடு திரும்பும் பிள்ளைகளுக்கும் ஷூவையே சொல்வேன். பாம்புக்கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் படுகிறது. ஷூ முழுப் பாதுகாப்பு இல்லை என்றாலும், செருப்பைவிட எவ்வளவோ மேல். கூடவே டார்ச் லைட்டும் வேண்டும். அப்புறம் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வாசலில் கழற்றிப்போட்ட ஷூவுக்குள் தேளோ பூரானோ பதுங்கியிருக்கும். காலையில் கவிழ்த்துத் தட்டாமல் பிள்ளை காலை உள்ளே விடக்கூடாது. இதைப் பழக்கமாகவே ஆக்கிவிடுங்கள்.

விலையையும் பார்க்க வேண்டும். ரப்பர் செருப்பு விலையைப்போல நான்கைந்து மடங்கு ஷூவுக்கு ஆகும். சாக்ஸ், பாலிஷ் தனி. அதனாலேயே ஷூவை வளரும் காலுக்கு என்று பெரிதாக வாங்கி, முன்னால் பஞ்சு அடைத்துப் போடுகிறோம். இல்லை என்றால் இறுக்கிப் பிடித்த பிறகும் வருஷம் முடியட்டும் என்று இழுக்கிறோம். பள்ளிக்குப் போகும் வயதில் பாதம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். நம் கடைகளில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் எட்டரை மில்லிமீட்டர். அதாவது ஆண்டுக்கு ஓர் அளவு கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் முதல் ஆண்டு முழுக்கக் கால் உள்ளே வழுக்கிக் குதிகாலில் கொப்புளம் போடும்.

வெறுங்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன ஆய்வைப் படித்துவிட்டு அதுவே நல்லது என்று சிலர் பேசுகிறார்கள். வீட்டுக்குள்ளும் சுத்தமான மண்ணிலும் மணலிலும் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடி விளையாடட்டும், பாதத்துக்கு அது நல்லதுதான். பள்ளிக்கு வரும் வழி வேறு. ஈர மண்ணில் இருக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழு பாதத்தின் தோலைத் துளைத்தே உடம்புக்குள் போகிறது. அங்கிருந்து ரத்தத்தோடு நுரையீரலுக்கு, பிறகு தொண்டை வழியாகக் குடலுக்கு. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். பிள்ளை வெளிறிப்போய், வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். 2015-இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலேயே அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோம். ஆனால் மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைத்தான் கொல்லும். மறுவாரமே வெறுங்காலோடு அதே மண்ணை மிதித்தால் மறுபடியும் வரும். திறந்தவெளியில் மலம் கழிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிற ஊர்களில் பிள்ளையின் காலில் ஏதாவது ஒரு காலணி இருந்தே ஆக வேண்டும்.

வெறுங்கால் நல்லது என்று இந்த மண்ணில் லேசாகச் சொல்ல எனக்கு வாய் வராததற்கு வேறு காரணமும் இருக்கிறது. ஆதிக்க சாதியினரின் தெருவில் நடக்கும்போது தலித் மக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்ற கொடுமை இங்கே பல கிராமங்களில் நடந்தது. பிள்ளைகளும் அப்படித்தான் பள்ளிக்குப் போனார்கள். காலில் செருப்போடு தலைநிமிர்ந்து பள்ளிக்கு வருவது பல குடும்பங்களுக்குப் போராடிக் கிடைத்த ஒன்று. அதனால், ரப்பர் செருப்பு போட்டு வந்தான் என்பதற்காக ஒரு பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதையும், காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்பதையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அநேகமாக அந்தப் பிள்ளையிடம் இருப்பது அது ஒன்றுதான். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் அப்பாவையோ அம்மாவையோ தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். ஒழுக்கத்தையும் காலணியையும் முடிச்சுப்போடுவது எவ்வளவு தேவையற்றது என்பதற்கு நீட் தேர்வே போதும். அங்கே ஷூவுக்கு அனுமதி இல்லை, உயரம் குறைந்த செருப்போ சாண்டலோ போட்டுத்தான் வர வேண்டும் என்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் ஷூ போட்டுப் படித்த பிள்ளையும் தன் வாழ்க்கையின் பெரிய தேர்வைச் செருப்போடு போய்த்தான் எழுதுகிறது.

இப்போது நான் பெற்றோருக்குச் சொல்வது: ஐந்தாம் வகுப்புவரை பின்வார் வைத்த சாண்டல். முன்னால் விரல்களுக்கு இடம் விட்டு அகலமாக, பின்னால் குதிகாலைச் சுற்றி வார், ஒட்டி எடுக்கிற வெல்குரோ. காற்றாடும், நனைந்தால் சீக்கிரம் காயும், ஓடினால் கழன்று போகாது, சைக்கிளில் நழுவாது. சின்னப் பிள்ளையே போட்டுக்கொள்ளலாம், கழிப்பறைக்கு ஓடும்போதும் மாட்டிக்கொள்ளலாம். விலை ஷூவைவிடக் குறைவு. ரப்பர் செருப்பைவிட அடிப்பாகம் கெட்டி என்பதால் முள்ளும் அவ்வளவு சுலபமாக ஏறாது. ஒருகாலத்தில் பள்ளிப் பிள்ளைகள் காலில் நிறையப் பார்த்த பாட்டா சாண்டக் மாதிரியான பிளாஸ்டிக் சாண்டலும் மழைக்கு நல்லதுதான், ஆனால் வெயிலில் அது காலைச் சுட்டு உரசும். சாண்டலிலும் குறை உண்டு. தூசி படியும், விரல்கள் வெளியே இருப்பதால் கல்லில் இடித்துக்கொள்ளும், வெல்குரோ மண் ஏறினால் பிடிக்காது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதை அவ்வப்போது தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்.

ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி ஷூ கேட்டால் வாங்கிக் கொடுக்கலாம், ஆனால் மழை நாளுக்கு ஒரு சாண்டலையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பணம் இல்லை, ஒன்றுதான் வாங்க முடியும், பள்ளியும் வற்புறுத்தவில்லை என்றால் சாண்டலையே வாங்குங்கள். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, சிமெண்டு ரோடு, நடந்துதான் வருகிறது என்றால் ரப்பர் செருப்பில் அனுப்புவதில் தவறே இல்லை. சீமைக்கருவேல் தடத்தில் ஒன்றரை மைல் நடந்து வரும் பிள்ளைக்கு அது போதாது.

எதை வாங்கினாலும் அளவு சரியாக இருக்க வேண்டும். சாயங்காலமாக, பிள்ளையை ஒரு தாளின்மேல் முழு எடையோடு நிற்க வையுங்கள். உட்கார வைத்து எடுத்தால் அளவு குறையும். குதிகால் முனையிலும் நீளமான விரலின் முனையிலும் பேனாவால் கோடு போடுங்கள். இரண்டு காலுக்கும் எடுக்க வேண்டும், ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலின் நீளத்தோடு ஒரு சென்டிமீட்டர் கூட்டி அட்டையில் ஒரு பட்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஷூவுக்குள் அந்தப் பட்டை மடங்காமலும், அதிக இடம் விடாமலும் போனால் அளவு சரி. பிறகு ஷூவைக் கையில் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும், நட்டநடுவில் மடிந்தால் வாங்காதீர்கள். வளையவே மறுத்தாலும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இடம் இல்லை என்றால் மாற்றிவிடுங்கள். வருஷக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம்.

ரப்பர் செருப்புதான் முடியும் என்கிற வீட்டிலும் செய்யக்கூடியவை இருக்கின்றன. காலின் அளவுக்கே வாங்குங்கள். குதிகாலுக்குப் பின்னால் விரல் அகலத்துக்குமேல் செருப்பு நீண்டால் அதை மிதித்தே பிள்ளை விழும். சின்ன அளவுகளில் பின்பக்கம் எலாஸ்டிக் வைத்தே விற்கிறார்கள், கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். பெரிய அளவில் அது கிடைக்காவிட்டால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு வார் தைத்துக் கொடுப்பார், கொஞ்சம் பணம்தான் ஆகும். அறுந்த வாருக்கு ஊக்கு குத்தி அனுப்பாமல் புது வார் மாட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை செருப்பைக் கழுவும்போது திருப்பிப் பார்த்து, ஒடிந்த முள் ஏதாவது இருந்தால் குறடால் பிடுங்கி எடுத்துவிடுங்கள்.